பிறவி இதய ஓட்டை: வளர்ந்தவர்களுக்கும் சிகிச்சை உண்டு

(கிராமத் தம்பதியர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

குடும்ப நலக் கூட்டம் என்றதும், 'ஆபரேஷன் பண்ணிக்கச் சொல்ல வந்துட்டாங்க' என்று சிலர் மெதுவாகப் பின்வரிசைக்கு நகர்ந்துவிடுவது உண்டு. இன்றைக்கும் ஓர் ஆபரேஷனைப் பற்றித்தான் பேசப் போகிறோம். ஆனால் இது வேறு ஆபரேஷன். இதயத்தில் ஓட்டையோடு பிறந்து, அது தெரியாமலேயே வளர்ந்து, கல்யாணமும் ஆகிவிட்ட ஆண் பெண்களுக்குச் செய்கிற ஆபரேஷன். நீங்கள் நினைத்த அந்த ஆபரேஷனும் இந்தப் பேச்சில் ஓரிடத்தில் வரும். ஏன் வருகிறது என்பதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

"இதய ஓட்டை குழந்தைங்களுக்கு வர்றதாச்சே? கல்யாணம் ஆனவங்களுக்கு எப்படி வரும்?" என்று கேட்பீர்கள். புதிதாக வருவதில்லை. பிறக்கும்போதே இருக்கிறது. நூறு குழந்தைகள் பிறந்தால் ஏறத்தாழ ஒரு குழந்தைக்கு இதயத்தின் அமைப்பில் ஏதாவது ஒரு குறை இருக்கிறது. பெரிய குறையாக இருந்தால், குழந்தை பால் குடிக்கும்போதே வியர்க்கும், மூச்சு வாங்கும், உதடு நீலம் பூக்கும். வீட்டார் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். வேறு சில குறைகள் அப்படியல்ல. இருபது முப்பது வருஷம் சத்தமில்லாமல் உள்ளேயே இருக்கும். கல்யாணமாகி, முதல் பிள்ளை வயிற்றில் வரும்போதுதான் தலை காட்டும். அதனால்தான் இது தம்பதியர் கேட்க வேண்டிய விஷயம்.

இரண்டு பம்புகள், நடுவில் ஒரு சுவர்

நம் இதயம் அவரவர் கை முஷ்டி அளவுதான். கிணற்று மோட்டார் மாதிரி அது ஒரு பம்பு. ஆனால் அதற்குக் கரண்டு கட்டும் கிடையாது, லீவும் கிடையாது. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் அளவுக்கு இரத்தத்தை இறைக்கிறது.

சொல்லப்போனால் இது ஒட்டிப் பிறந்த இரண்டு பம்புகள். உடம்பெல்லாம் சுற்றிக் களைத்து வந்த இரத்தத்தை வலது பக்கம் வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே அது பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு இடது பக்கம் வருகிறது. இடது பக்கம் அதை உடம்பு முழுவதும் தள்ளுகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை. ஆக நான்கு அறைகள். இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் பிரிக்க நடுவில் ஒரு சுவர்.

சிலருக்கு இந்தச் சுவர் தாயின் வயிற்றிலேயே முழுதாக வளராமல் நின்றுவிடுகிறது. அதுதான் ஓட்டை. மேல் அறைகளுக்கு நடுவில் இருந்தால் மேலறை ஓட்டை. கீழ் அறைகளுக்கு நடுவில் இருந்தால் கீழறை ஓட்டை. இன்னொன்றும் உண்டு. வயிற்றுப் பிள்ளைக்கு நுரையீரல் வேலை செய்யாது. அதனால் நுரையீரலுக்குப் போகும் குழாயையும் உடம்புக்குப் போகும் குழாயையும் சேர்த்து ஒரு சின்னக் குழாய் இருக்கும். பிறந்த சில நாட்களில் அது தானாக மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் நின்றால் அதுவும் ஒரு பிறவிக் கோளாறுதான்.

வளர்ந்த பிறகு கண்டுபிடிக்கப்படுவதில் முக்கியமானது மேலறை ஓட்டை. இது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். ஓர் ஆணுக்கு இருந்தால் இரண்டு பெண்களுக்கு இருக்கும்.

வரப்பில் நண்டு வளை

நாற்று நட்ட வயலில் தண்ணீர் கட்டுகிறோம். வரப்பில் ஒரு நண்டு வளை இருந்தால் என்ன ஆகும்? மேல் வயலில் கட்டிய தண்ணீர் வளை வழியாகக் கீழ் வயலுக்கு ஓடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் கீழ் வயலில் தண்ணீர் நிறைந்துகொண்டே இருக்கும். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதயத்திலும் அதேதான். இடது பக்கம் அழுத்தம் அதிகம். அதனால் உடம்புக்குப் போக வேண்டிய நல்ல இரத்தத்தில் ஒரு பங்கு, ஓட்டை வழியாக வலது பக்கம் கசிந்து, மறுபடியும் நுரையீரலுக்கே போகிறது. ஓட்டை பெரிதாக இருந்தால் நுரையீரலுக்கு வழக்கத்தைப் போல் இரண்டு மடங்கு இரத்தம்கூடப் போகும். வலது பக்க அறைகள் அந்தப் பாரத்தைத் தாங்கித் தாங்கி வீங்குகின்றன. சின்ன வயதில் உடம்பு சமாளித்துவிடும். இருபது, முப்பது, நாற்பது வயதாகும்போது சமாளிக்க முடியாமல் திணறும்.

எதை வைத்துச் சந்தேகப்படுவது?

"என் மருமக ரெண்டு குடம் தண்ணி எடுத்தா உக்காந்துர்றா. வேலைக்கு வணங்காதவ" என்று மாமியார் சொல்வார். "இவருக்கு நாலு மூட்டை தூக்கினா இழுப்பு வந்துடுது. ஆஸ்துமான்னு மாத்திரை போடுறார்" என்று மனைவி சொல்வார். மருமகள் சோம்பேறியாக இல்லாமல் இருக்கலாம். கணவருக்கு ஆஸ்துமாவே இல்லாமல் இருக்கலாம். கீழே சொல்லும் குறிகளைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கூட வேலை செய்கிற, ஒத்த வயதுக்காரர்களைவிட முன்னாலேயே மூச்சு வாங்குவது.

அடிக்கடி நெஞ்சில் சளி கட்டிக்கொள்வது, நிமோனியா வருவது.

திடீர் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது, துடிப்பு தாளம் தவறுவது.

காலில் வீக்கம்.

உதடும் நகக்கண்ணும் நீலம் பூப்பது, விரல் நுனி முரசுக் குச்சி மாதிரி பருத்திருப்பது.

சின்ன வயதில் யாரோ ஒரு டாக்டர், 'இதயத்தில் சத்தம் கேட்கிறது' என்று சொல்லி, வீட்டார் அதை அப்படியே விட்டுவிட்டது.

இருபது இருபத்தைந்து வயதிலேயே இரத்த அழுத்தம் மிக அதிகமாக இருப்பதையும் சும்மா விடக்கூடாது. உடம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் பிறவியிலேயே ஓரிடத்தில் குறுகி இருந்தால், கையில் அழுத்தம் ஏறும், காலில் நாடி மெலிந்திருக்கும். இதற்கும் சிகிச்சை உண்டு.

இந்தக் குறி இருப்பவர்கள் எல்லோருக்கும் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தமில்லை. இரத்தசோகை இருந்தாலும் களைப்பு வரும், மூச்சு வாங்கும். ஆனால் எது என்று ஊகித்துக்கொண்டு உட்கார வேண்டாம். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டு இரத்தம் ஏறிய பிறகும் மூச்சு வாங்கினால், இதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

பரிசோதனையில் வலி இல்லை

டாக்டர் முதலில் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பார். ஓட்டை உள்ளவர்களுக்கு அந்தச் சத்தத்தில் ஒரு வித்தியாசம் இருக்கும். பிறகு இ.சி.ஜி., எக்ஸ்ரே எடுப்பார்கள். அதற்கு மேல் எக்கோ என்ற பரிசோதனை. வயிற்றுப் பிள்ளையை ஸ்கேன் பார்ப்பது மாதிரியேதான் இதுவும். நெஞ்சின் மேல் பசை தடவி, ஒரு கருவியை வைத்து, ஒலி அலைகளால் இதயத்தைப் படமாகப் பார்ப்பார்கள். ஊசி இல்லை, கத்தி இல்லை, கரண்டு ஷாக் இல்லை. ஓட்டை எங்கே, எவ்வளவு பெரிது, இரத்தம் எந்தப் பக்கம் பாய்கிறது என்பதெல்லாம் திரையில் தெரியும். சிலருக்கு மட்டும் தொடை இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு, நுரையீரல் இரத்தக் குழாயின் அழுத்தத்தை அளந்து பார்ப்பார்கள்.

ஓட்டை இருந்தாலே அடைக்க வேண்டும் என்பதில்லை. சின்ன ஓட்டையாக இருந்து, இதயம் வீங்காமல் இருந்தால், அவ்வப்போது வந்து காட்டிக்கொண்டாலே போதும். வலது பக்கம் வீங்க ஆரம்பித்து, நுரையீரல் குழாயின் அழுத்தம் எல்லை மீறாமல் இருந்தால், அடைத்துவிடுவது நல்லது.

கணவனும் மனைவியும் செய்த இயந்திரம்

"நெஞ்சைத் தொறந்து ஓட்டையை அடைக்கிறாங்கன்னா, அதுவரைக்கும் உசுரு எப்படி நிக்கும்?" என்பது நியாயமான கேள்வி. ஓடுகிற மோட்டாரைக் கழற்ற முடியாது. நிறுத்தித்தான் வேலை செய்ய வேண்டும். இதயத்தை நிறுத்தினால் மூளை சில நிமிஷம்தான் தாங்கும். இந்த முடிச்சை அவிழ்த்ததும் ஒரு தம்பதிதான்.

அமெரிக்காவில் ஜான் கிப்பன் என்று ஒரு டாக்டர். 1930களின் தொடக்கத்தில், நுரையீரல் குழாயில் இரத்தக் கட்டி அடைத்துக்கொண்ட ஒரு பெண் நோயாளியின் பக்கத்தில் இராத்திரி முழுக்க உட்கார்ந்து கவனித்தார். அந்தப் பெண் பிழைக்கவில்லை. 'இந்த இரத்தத்தைக் கொஞ்ச நேரம் வெளியே எடுத்து, பிராணவாயு ஏற்றித் திருப்பிக் கொடுக்க ஒரு இயந்திரம் இருந்தால்!' என்ற எண்ணம் அவரை விடவில்லை. அவர் மனைவி மேரி கிப்பன் ஆய்வுக்கூட வேலை தெரிந்தவர். இருவரும் சேர்ந்து முதலில் பூனைகளுக்கு அந்த இயந்திரத்தை வைத்துப் பார்த்தார்கள். பல வருஷம் அதற்காக உழைத்தார்கள்.

1953ஆம் ஆண்டு மே 6ஆம் தேதி, பிலடெல்பியா நகரில், 18 வயதுப் பெண் ஒருத்திக்கு ஆபரேஷன் நடந்தது. அவளுக்கு இருந்தது நாம் பேசிக்கொண்டிருக்கிற அதே மேலறை ஓட்டைதான். 26 நிமிஷம் அவளுடைய இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் அந்த இயந்திரமே செய்தது. டாக்டர் ஓட்டையைத் தைத்து மூடினார். அந்தப் பெண் குணமாகி வீட்டுக்குப் போனாள். பல பத்து வருஷங்கள் வாழ்ந்தாள். இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் இயந்திரத்தின் உதவியோடு நடந்து வெற்றி பெற்ற முதல் திறந்த இதய ஆபரேஷன் அதுதான். அது நடந்தது வளர்ந்த ஒரு பெண்ணுக்கு என்பதை மறக்காதீர்கள்.

நம் பக்கத்திலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1960களிலேயே திறந்த இதய ஆபரேஷன் நடந்தது. இன்றைக்குச் சென்னையிலும் மற்ற பெரிய ஊர்களிலும் இது புதுமையான விஷயமே இல்லை.

அடைப்பதற்கு இரண்டு வழி

முதல் வழி, திறந்து செய்யும் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்து, நடு நெஞ்சிலோ, பக்கவாட்டில் விலா எலும்புக்கு நடுவிலோ திறப்பார்கள். இரத்தத்தை இயந்திரத்துக்குத் திருப்பிவிட்டு, இதயத்தை நிறுத்தி, ஓட்டையைத் தைப்பார்கள். பெரிய ஓட்டையாக இருந்தால் ஒட்டுப் போடுவார்கள். ஒட்டுக்குப் பெரும்பாலும் இதயத்தைச் சுற்றி இருக்கும் அவரவர் சொந்தச் சவ்விலேயே ஒரு துண்டை எடுத்துக்கொள்வார்கள். பிறகு இதயம் மறுபடி துடிக்கத் தொடங்கும்.

இரண்டாவது வழி, நெஞ்சைத் திறக்காமலே செய்வது. தொடை மடிப்பில் இருக்கும் இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை விடுவார்கள். அதன் வழியாக மடித்த குடை மாதிரி ஒரு வலைச் சாதனத்தைக் கொண்டுபோய், ஓட்டையின் இரண்டு பக்கமும் விரித்து மூடுவார்கள். கொஞ்ச காலத்தில் அதன்மேல் சதை வளர்ந்து சுவரோடு சுவராகிவிடும். ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் எல்லா ஓட்டைக்கும் இது சரிப்படாது. குடை பிடித்து நிற்க ஓட்டையைச் சுற்றிலும் போதுமான விளிம்பு இருக்க வேண்டும். சுவரின் நடுப்பகுதியில் இருக்கும் ஓட்டைக்குத்தான் பொருந்தும். மற்றதற்கு ஆபரேஷன்தான். 'பக்கத்து வீட்டுக்காரிக்குக் குடை வச்சாங்க, எனக்கு மட்டும் ஏன் நெஞ்சைத் தொறக்கணும்?' என்று மனம் நோக வேண்டாம். வளை இருக்கும் இடத்தைப் பார்த்துத்தானே மண்ணை அணைக்கிறோம்?

"உசுருக்கு ஆபத்து இல்லையா?" எந்த ஆபரேஷனிலும் ஆபத்து துளியும் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் வேறு சிக்கல் இல்லாத மேலறை ஓட்டையை, பழக்கப்பட்ட ஆஸ்பத்திரியில் அடைத்தால், உயிருக்கு ஆபத்து நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

ஆபரேஷனுக்குச் சொந்தக்காரர்கள் இரத்தம் கொடுக்க வேண்டியிருக்கலாம். "ரத்தம் கொடுத்தா ஆம்பளைக்குத் தெம்பு போயிடும்" என்பது வெறும் பேச்சு. ஆரோக்கியமான உடம்பு அதைத் தானே ஊற வைத்துக்கொள்ளும்.

ஆபரேஷனுக்குப் பிறகு

நெஞ்சைத் திறந்து செய்தவர்கள் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் வீட்டுக்கு வரலாம். நடு நெஞ்செலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை மெதுவாக நடப்பது, சாப்பிடுவது, தூங்குவது போதும். மூன்று மாதம் வரை குடம் தூக்குவது, மூட்டை சுமப்பது, கிணற்றில் நீர் சேந்துவது, மாவாட்டுவது எதுவும் கூடாது. இந்த மூன்று மாதம் வீட்டு வேலையைக் கணவனும் மாமியாரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதுவும் மருந்துதான்.

குடை வைத்தவர்கள் குறைந்தது ஆறு மாதம் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட வேண்டும். 'நல்லாத்தானே இருக்கு' என்று நடுவில் நிறுத்தக்கூடாது. இரண்டு வகைக்காரர்களும் பல்லைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமி இரத்தத்தில் கலந்து இதயத்தைத் தாக்கக்கூடும். பல் பிடுங்கப் போனால், 'எனக்கு இதயத்தில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது' என்று முதலில் சொல்லுங்கள்.

தாம்பத்திய வாழ்க்கையைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கவில்லை, நெஞ்செலும்பும் கூடிவிட்டது என்றால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு பழையபடி சேர்ந்து வாழலாம். ஆனால் உடனே கர்ப்பம் வேண்டாம். டாக்டர் சொல்கிற வரை, பொதுவாக ஆறு மாதமாவது, ஆணுறை போன்ற ஒரு முறையைக் கையாளுங்கள்.

காலம் தாழ்த்தினால் என்ன ஆகும்?

"இத்தனை வருஷம் ஓடிடுச்சு. இனியும் ஓடும்" என்பவர்களுக்காக ஒரு கணக்கு. அமெரிக்காவில் மேயோ கிளினிக் ஆஸ்பத்திரியில் 1956 முதல் 1960 வரை மேலறை ஓட்டையை அடைத்துக்கொண்ட 123 பேரை, ஏறத்தாழ முப்பது வருஷம் விடாமல் கவனித்து, 1990இல் முடிவை வெளியிட்டார்கள். 24 வயதுக்குள் ஆபரேஷன் ஆனவர்கள் ஓட்டையே இல்லாதவர்களைப் போல ஆயுளோடு இருந்தார்கள். 41 வயதைத் தாண்டிச் செய்துகொண்டவர்களுக்கு அந்த அளவு ஆயுள் கிடைக்கவில்லை. நாற்பதுக்கு மேல் செய்தாலும் மூச்சுத் திணறல் குறையும், பலன் உண்டு. ஆனால் முழுப் பலன் முன்னால் வந்தவர்களுக்குத்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பல வருஷம் அளவுக்கு மீறி இரத்தம் பாய்ந்தால், நுரையீரலின் இரத்தக் குழாய்கள் தடித்து இறுகிப் போகும். தூர்ந்துபோன வாய்க்காலில் தண்ணீர் முன்னால் போக வழியில்லாமல் எதிர்த்துக்கொண்டு திரும்பும் அல்லவா? அதுபோல, வலது பக்க இரத்தம் ஓட்டை வழியாக இடது பக்கம் திரும்பிப் பாய ஆரம்பிக்கும். பிராணவாயு ஏறாத இரத்தம் உடம்புக்குப் போகும். உதடு நீலமாகும். கீழறை ஓட்டையும் மூடாத குழாயும் பெரிதாக இருந்தால், இது சிறு வயதிலேயே வந்துவிடும். மேலறை ஓட்டையில் சிலருக்கு மட்டும், வளர்ந்த பிறகு வரும்.

இந்தக் கட்டம் வந்துவிட்டால் ஓட்டையை அடைக்கக்கூடாது. அப்போது அந்த ஓட்டை ஏரிக்குக் கலிங்கு மாதிரி. மிஞ்சிய வெள்ளம் வடிகிற வழி அதுதான். கலிங்கை அடைத்தால் கரை உடையும். மூச்சுச் சிரமத்தைக் குறைக்க மாத்திரைகள் உண்டு. ஆனால் ஆபரேஷன் செய்து தீர்க்கும் நாள் கடந்து போய்விட்டது என்று அர்த்தம். அதனால்தான் இன்றே வாருங்கள் என்று கூப்பிடுகிறோம்.

கர்ப்பமும் இதயமும்

கர்ப்ப காலத்தில் தாயின் உடம்பில் இரத்தம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிறது. அவ்வளவையும் இறைப்பது அதே கை முஷ்டி அளவு இதயம்தான். அதனால்தான் அதுவரை ஒளிந்திருந்த குறை ஐந்தாம் மாதத்துக்கு மேல் வெளியே வருகிறது. 'புள்ளத்தாச்சிக்கு மூச்சு வாங்குறது சகஜம்' என்று எல்லாவற்றையும் தள்ளிவிடாதீர்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, இராத்திரியில் எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது, இருமலில் இரத்தம் வருகிறது, மயக்கம் வருகிறது என்றால், அந்த நிமிஷமே 108க்குச் சொல்லுங்கள்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நுரையீரல் அழுத்தம் ஏறாத மேலறை ஓட்டை உள்ள பெண்களில் பெரும்பாலோர் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். ஓட்டையை அடைத்துக்கொண்டவர்கள் இன்னும் தைரியமாகப் பெறலாம். கர்ப்பத்துக்கு முன்னால் பார்த்துக்கொள்வதுதான் முறை. கர்ப்பமான பிறகு தெரியவந்தால், பிரசவம் வீட்டிலும் வேண்டாம், சின்ன ஆஸ்பத்திரியிலும் வேண்டாம். இதய டாக்டரும் பிரசவ டாக்டரும் சேர்ந்து இருக்கிற மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான்.

ஆனால் இரத்தம் திரும்பிப் பாயும் கட்டத்தில் இருக்கிற பெண் கர்ப்பமானால், அது விளையாட்டல்ல. மூன்று பேரில் ஒருவர் வரை உயிரிழந்ததாக மருத்துவக் கணக்குகள் உண்டு. அவர்கள் கர்ப்பம் தரிக்கவே கூடாது. தெரியாமல் தரித்துவிட்டால் மறைக்காமல், நாள் கடத்தாமல் வர வேண்டும். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் கர்ப்பத்தைக் கலைக்க 1971ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. 'ஒரு புள்ளையாவது பெத்துக் கொடுத்துட்டுப் போகட்டும்' என்று எந்த வீட்டிலும் ஒரு வார்த்தை வரக்கூடாது. தாய் போய்விட்டால் அந்தப் பிள்ளையை யார் பார்ப்பது?

கணவன்மாருக்கு ஒரு வார்த்தை

இப்போது முதலில் சொன்ன அந்த ஆபரேஷனுக்கு வருகிறேன். இதய நோய் கடுமையாக இருக்கிற பெண்ணுக்கு எல்லாக் கருத்தடை முறையும் பொருந்தாது. மாலா-என் போன்ற கலவை மாத்திரை இரத்தத்தைக் கட்டியாக்கும் தன்மை உள்ளது. அந்த நிலையில் அது வேண்டவே வேண்டாம். காப்பர்-டி போட்டாலும் பெரிய ஆஸ்பத்திரியில்தான் போட வேண்டும். பெண்ணுக்குக் குடும்பநல ஆபரேஷன் செய்ய மயக்கம் கொடுப்பதே அவளுக்கு ஆபத்து.

ஆனால் கணவனுக்கு? தழும்பில்லாத நவீன வாசக்டமி. ஊசி மருந்தால் அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்து, கத்தி இல்லாமல், தையல் இல்லாமல், பதினைந்து இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். அன்றைக்கே வீட்டுக்கு நடந்து போகலாம். ஆண்மை குறையாது, உழைக்கிற பலம் குறையாது. மூன்று மாதம் வரை ஆணுறை பயன்படுத்தி, பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதி செய்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

மனைவி நெஞ்சைத் திறந்துகொள்ளத் தயாராக இருக்கிறாள். அல்லது திறக்கவே முடியாத நோயோடு வாழ்கிறாள். அவளுக்காகக் கணவன் இருபது நிமிஷம் படுத்து எழுந்திருக்கக் கூடாதா?

பிறக்கிற பிள்ளைக்கும் வருமா?

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். நூற்றுக்கு ஒன்று என்பது மூன்று முதல் ஐந்து வரை ஆகலாம். அப்போதும் நூற்றில் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் நல்ல இதயத்தோடுதான் பிறக்கும். ஐந்தாம் மாதம் வாக்கில் வயிற்றுப் பிள்ளையின் இதயத்தை எக்கோ செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குறை கிரகணத்தில் வெளியே போனதால் வருவதில்லை. கண்ணேறால் வருவதில்லை. மருமகள் வந்த நேரத்தால் வருவதில்லை. பெரும்பாலும் காரணம் இன்னதென்று சொல்ல முடியாது. நம் கையில் இருப்பவை சில. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று நெருங்கிய இரத்த உறவில் கல்யாணத்தைத் தவிருங்கள். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் ரூபெல்லா என்ற மணல்வாரி போன்ற அம்மை வந்தால் பிள்ளையின் இதயம் பாதிக்கும். 2017 முதல் குழந்தைகளுக்கு இதற்குத் தடுப்பூசி போடப்படுகிறது, தவறவிடாதீர்கள். சர்க்கரை நோய் இருந்தால் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு கர்ப்பம் தரியுங்கள். டாக்டரைக் கேட்காமல் கர்ப்பத்தில் மாத்திரை விழுங்காதீர்கள்.

சின்ன வயதில் ஆபரேஷன் ஆனவர்கள்

"எனக்கு ஆறு வயசுலேயே பண்ணிட்டாங்க. அதோட முடிஞ்சது" என்று சிலர் இருக்கிறார்கள். முடியவில்லை. நீலக் குழந்தையாகப் பிறந்து ஆபரேஷனால் பிழைத்தவர்களுக்கு, இருபது முப்பது வயதில் நுரையீரல் பக்கத்து வால்வு கசிந்து, அதை மாற்ற வேண்டி வரலாம். துடிப்புத் தாளம் தவறலாம். வருஷத்துக்கு ஒரு தடவை இதய டாக்டரிடம் காட்டுங்கள். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பத்திரம் வைக்கிற பெட்டியில் பத்திரமாக வையுங்கள்; அதுவும் சொத்துதான். கல்யாணம் பேசும்போது இதை மறைக்காதீர்கள். மறைத்துக் கட்டிக்கொடுத்தால் அந்தப் பெண் மாத்திரையைக்கூட ஒளித்து வைத்துத்தான் சாப்பிடுவாள்; பிறகு சாப்பிடாமலே விட்டுவிடுவாள்.

செலவுக்கு என்ன வழி?

பணத்துக்குப் பயந்து யாரும் வீட்டில் உட்கார வேண்டாம். நிலத்தை அடகு வைக்க வேண்டாம். 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதய ஆபரேஷனுக்கு இடம் உண்டு. குடும்ப அட்டை, ஆதார் அட்டை, கிராம நிர்வாக அலுவலர் மூலம் வாங்கும் வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் மையத்தில் பதிந்துகொள்ளுங்கள். நோய் வந்த பிறகு ஓடாமல், இப்போதே பதிந்து வையுங்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வருகிற மருத்துவக் குழுவிடம் காட்டினால், அவர்களே மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். சந்தேகம் கேட்க 104க்குப் போன் செய்யலாம்.

முடிவாக, தம்பதியர் ஒவ்வொருவரும் இன்று இராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். 'உனக்கு மூச்சு வாங்குதா? படபடப்பு வருதா? சின்ன வயசுல டாக்டர் ஏதாவது சொன்னாரா?' என்று கணவன் மனைவியையும், மனைவி கணவனையும் கேளுங்கள். 'ஆமாம்' என்று பதில் வந்தால், அடுத்த முறை கிராமச் சுகாதார செவிலியர் வரும்போது மறக்காமல் சொல்லுங்கள், அல்லது நேரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். நண்டு வளையை முதல் தண்ணீரிலேயே பார்த்துவிட்டால் ஒரு கூடை மண் போதும். வரப்பே கரைந்த பிறகு வந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

தாய் நலம், தந்தை நலம், அதுவே குடும்ப நலம்.